விதைக்காமல் போன விதைகள்

திங்கட்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது. சனிக்கிழமை காலையில் கனாயேவின் தங்கை தொலைபேசியில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"முதல் கவிதை நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா அம்மாகிட்ட ஏது மழைக்கோட்டு? அவங்களுக்கு எப்பவும் குடைதானே."

கனாயே இருபது வருடமாக ஹைக்கூ எழுதுகிறாள். இதுதான் முதல் தொகுப்பு. தலைப்பே அந்தக் கவிதையிலிருந்து எடுத்ததுதான். அம்மா இறந்த வருடத்து நோட்டில், கனாயேவின் கையெழுத்திலேயே இருந்தது அது:

மழைக்கோட்டுப் பையில்
விதைக்காமல் போன விதைகள்
முதல் பனி

நோட்டைத் தேடி எடுத்தாள். கவிதை இருந்தது நோட்டில் ஒட்டிய ஒரு துண்டுத் தாளில். மூலையைப் பிரித்தாள். பின்புறத்தில் அவள் போகும் ஹைக்கூக் கூட்டத்தின் தேதியும், 'படியெடுத்தவர்: கனாயே' என்றும் இருந்தது.

கூட்டத்தில் யாரும் பெயர் போடுவதில்லை. எழுதிய சீட்டுகளைக் கலைத்துப் பங்கிட்டு, ஆளுக்குக் கொஞ்சம் படியெடுப்பார்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே. பிறகு அவரவர் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பார்கள். அது வாசிக்கப்படும்போதுதான் எழுதியவர் தன் பெயரைச் சொல்வார். யாரும் தேர்ந்தெடுக்காதது பெயரில்லாமலே போய்விடும். அன்று இதுவும் அப்படித்தான் போயிருக்கிறது.

யாருடையது என்று விசாரிக்கவே வேண்டாம். எண்பத்து நான்கு வயது நோசாகாவின் மனைவி இறந்ததும் அதே வருடம்தான்; அன்றிலிருந்து இந்த எட்டு வருடமும், வெயிலோ மழையோ, அவர் அந்த அம்மாளின் நீல மழைக்கோட்டைத்தான் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வருகிறார்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் மதியம் சமூகக் கூடத்துக்குப் போனாள். வெளியே வானம் பனிக்கு இருட்டியிருந்தது. உள்ளே, கூட்டத்தை நடத்தும் இதகாகி அம்மாள் நோசாகாவை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"அடுப்பு எரியுது, அந்தக் கோட்டைக் கழட்டுங்களேன். கை முழங்கையோட நிக்குது."

"உனக்கென்னம்மா உறுத்துது? எனக்குக் கச்சிதமா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். கனாயே சொல்ல வந்ததை விட்டுவிட்டு, தன் சீட்டில் அந்தக் கவிதையையே எழுதிப் போட்டாள். அவர் தன்னுடையது என்று சொன்னால் கவிதையை அவருக்கே விட்டுவிடலாம். சொல்லாவிட்டால் புத்தகம் பிழைத்தது. கோழைத்தனம்தான், அது அவளுக்கே தெரியும்.

சீட்டுகள் கலைந்து, படியாகி, சுற்றி வந்தன. அந்தத் தாள் கைக்கு வந்ததும் நோசாகா வெகுநேரம் பார்த்தார். கனாயேவின் தேநீர் ஆறிப்போனது. பிறகு அவர் தாளை அடுத்தவரிடம் தள்ளினார்.

அவர் தேர்ந்தெடுத்ததை இதகாகி அம்மாள் வாசித்தார். அதே கவிதை.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றார் நோசாகா. "யாரோ பாவம், பறிகொடுத்த ஆளு. யாருங்க அது?"

ஒருவரும் பெயர் சொல்லவில்லை. தான் எழுதியது என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. இனி வாயைத் திறந்து 'கனாயே' என்று சொன்னால் போதும், மறுத்துக் கேட்க ஆளில்லை. அவர் கழுத்தை நீட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கடைசியில் அவளிடம் வந்தார். அந்தப் பார்வையில் துளியும் சந்தேகம் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நோசாகா," என்றாள்.

"என்னம்மா?"

"எழுதினவர் பேரைச் சொன்னேங்க. உங்க வீட்டம்மா தவறின வருஷம் நீங்க எழுதினது. நான்தான் படியெடுத்தேன். அப்புறம் என்னோடதுன்னே நினைச்சுட்டேன். புத்தகத்துலயும் போட்டுட்டேன். திங்கக்கிழமைக்குள்ள எடுத்துடறேன்."

அவர் கை மெல்ல மழைக்கோட்டுப் பைக்குள் போய், எதுவும் இல்லாமல் வெளியே வந்தது.

"நம்ம கவிதையை நாமே தேர்ந்தெடுக்கக் கூடாதே," என்றார் கவலையோடு. "தப்பு பண்ணிட்டேனே."

நோசாகா அந்தத் தாளைத் தேடி எடுத்துக் கனாயே பக்கம் நகர்த்தினார்.

"இன்னொரு தடவை வாசிம்மா," என்றார் அவளிடம். "முடிஞ்சதும் நான் பேரு சொல்றேன்."