அப்துல் கபூர் மோதினாரின் தயிர் விளம்பரம்

எங்கள் ஊரில் யார் எந்த வேலையில் இருந்தாலும் தொழுகைக்கு அழைக்கும் அப்துல் கபூர் மோதினாரின் குரல் கேட்டால் கை நின்றுவிடும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் முதலில் ஒரு செருமல், பிறகு ஸலாம், பிறகு ஜனாஸா அறிவித்தல், இறந்தவரைப் பற்றிய செய்தி. மீன் வெட்டுகிறவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பார். மகனுக்கு ஏசிக்கொண்டிருக்கும் தாய் பாதியில் வாயை மூடுவாள். மௌத்தானவர் யாருடைய மகன், யாருடைய கணவர், யாருடைய தகப்பன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எங்கே எப்போது அடக்கம் என்பதையும் அவர் அறிவித்து முடித்த பிறகுதான் ஊர் மூச்சுவிடும். அவரும் போன வருடம் மௌத்தாகிவிட்டார். அதை வேறொருவர் அறிவித்தார். பாதிப்பேருக்கு அது காதிலேயே ஏறவில்லை.

அந்தக் குரலை வைத்துத் தயிர் விற்கலாம் என்று யோசித்த புத்திசாலி நான்தான்.

பல்கலைக்கழகத்தில் நான் படிப்பது டிஜிட்டல் வீடியோத் தயாரிப்பும் சந்தைப்படுத்தலும். சொந்தக்காரர்கள் இதைக் கேட்டால், “கலியாண வீட்டு வீடியோ எடுக்கவா கெம்பஸ் போற பஸ்மிலா?” என்பார்கள். விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஓம் என்று சொல்லிவிடுவேன். இறுதிச் செயற்திட்டத்துக்கு ஒரு உண்மையான வியாபாரிக்கு உண்மையான விளம்பரம் செய்ய வேண்டும். எனக்குக் கையில் கிடைத்த வியாபாரி வாப்பாதான். சாகாமத்துப் பக்கத்திலிருந்து எருமைத் தயிரைச் சட்டி சட்டியாக இறக்கி, கல்முனையில் ‘ஸலாஹுதீன் தயிர்’ என்று தன் பெயரிலேயே கடை நடத்துகிறார். போன் திரையைத் தள்ளிக்கொண்டே போகிறவனின் விரலை முதல் நொடியிலேயே நிறுத்த வேண்டும் என்று விரிவுரையாளர் வாரம் தவறாமல் சொல்வார். இந்தக் கரையில் விரலை நிறுத்த அந்தக் குரலை விட்டால் வேறென்ன இருக்கிறது?

என் கூட்டாளி லக்சன் பெரியநீலாவணைப் பொடியன். தகப்பன் கடலுக்குப் போகிறவர். படம் எடுப்பது என் வேலை, ஒலி அவனுடைய வேலை. என் யோசனையைச் சொன்னதும் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினான்.

“அவர்ர குரல் கேட்டா எங்கட அம்மாவும் அடுப்பக் குறைச்சிப்போட்டுக் காது குடுப்பா. எங்கட ஊர் வரைக்கும் கேக்கும்தானே. அதக் கொண்டுபோய்த் தயிருக்குப் போடப்போறியா?”

“போடத்தான் போறன். கேட்டா நிப்பாங்களா இல்லையா?”

“நிப்பாங்க. நிண்டு போட்டு என்ன செய்வாங்க எண்டுதான் யோசிக்கிறன்.”

நான் அதை யோசிக்கவில்லை. செயற்திட்டத்துக்குக் கிடைக்கப்போகும் புள்ளிகளைத்தான் யோசித்தேன்.

எங்கள் வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று நான் உம்மாவின் வயிற்றில் இருந்தேன். என் அண்ணன், றிபாத் காக்காவுக்கு நாலு வயது. உம்மா ஒரு கையால் காக்காவையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு ஓடினார். வயிற்றைப் பிடித்த கை விடவில்லை. மற்றக் கை விட்டுவிட்டது. மய்யத்தாகக்கூட உடல் கிடைக்கவில்லை. படம்கூட ஒன்று மிஞ்சவில்லை. காக்கா மௌத்தாகிவிட்டார் என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் அந்த ஆளுடன் உம்மா பிறகு கதைக்க மாட்டார்.

நான் வீடியோப் படிக்கப் போனதில் உம்மாவுக்கு மட்டும்தான் உண்மையான சந்தோசம். காரணம் வேறு. எந்த ஊரில் எதைப் படம் பிடித்தாலும், “கூட்டத்தையும் எடுத்திட்டு வா மகள்” என்பார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் என் கணினிக்கு முன்னால் குந்தி, தெரியாத இளைஞர்களின் முகங்களைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்ப்பார். சம்மாந்துறைச் சந்தையில் நான் கஷ்டப்பட்டு எடுத்த ஒரு காட்சியை, ஓரத்தில் நெல் மூட்டை தூக்குகிற ஒருவனின் காது காக்காவுடையதைப் போல இருக்கிறதா என்று மறுபடியும் மறுபடியும் போட்டுப் பார்த்தார். காட்சி எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வயிறு எரியும். இல்லாத ஒருவனுடன் போட்டி போட்டே நான் வளர்ந்தேன்.

மோதினாரின் மனைவி சல்மா உம்மாவிடம் அனுமதி கேட்கப் போனேன். ஏசி அனுப்புவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

“எடுத்துக்கோங்க மகள். ஆயுசெல்லாம் மௌத்தையே சொல்லித் திரிஞ்ச மனிசன். அவர்ர வாயால ஒரு நல்ல விசயமும் வரட்டும்.”

அவருடைய அறிவித்தல்களை ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப்பில் பகிர்ந்தவை எல்லாம் மகனின் போனில் கிடந்தன. அவற்றை எனக்கு மாற்றித் தந்துவிட்டு, நான் யாருடைய மகள் என்று கேட்டார். சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

“ஹுஸ்னியாட மகளா? கடல் வந்த நேரம் பள்ளிவாசல்ல ஸ்பீக்கரும் இல்ல, ஒண்டும் இல்ல. இவர் ஓட்டோ ஒண்டுல ஸ்பீக்கரக் கட்டிக்கிட்டு, றோட்டு றோட்டாப் பேர் சொல்லிக்கிட்டுப் போனாரு. உங்கட உம்மா நடு றோட்டுல நிண்டு மறிச்சிட்டா. என்ட புள்ளட பேரச் சொல்லாதீங்க, அவன் மௌத்தாகல்ல எண்டு. இவரும் வாக்குக் குடுத்திட்டாரு.”

“என்ன வாக்கு மாமி?”

“அவன் மௌத்தாகிற அண்டைக்குத்தான் சொல்லுவன் எண்டு.”

இந்தக் கதையை உம்மா எனக்குச் சொன்னதே இல்லை. ஆனாலும் போனைக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் வந்தேன்.

மறுநாள் காலை ஒலிக்கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். லக்சன் அந்தப் பதிவுகளை எல்லாம் ஒரு செயலிக்குக் கொடுத்தான். அது குரலைக் கற்றுக்கொண்டு, நாம் எழுதிக் கொடுப்பதை அதே குரலில் வாசிக்கும். நான் எழுதியது சின்ன வாசகம்தான்: ‘அஸ்ஸலாமு அலைக்கும். கட்டித் தயிர், சட்டித் தயிர். கல்முனை ஸலாஹுதீன் தயிர்.’

வாசித்தது. குரல் அச்சொட்டாக அவருடையதுதான். ஆனால் அது கற்றது முழுவதும் மரண அறிவித்தல். அதனால் தயிரையும் மய்யத்தைப் போலவே சொன்னது, மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு ஒரு நிறுத்தம் விட்டு. இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியபோதுதான் பதிவு இன்னும் முடியவில்லை என்று கண்டோம். வாசகம் முடிந்த பிறகும் திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. லக்சன் ஒலியைக் கூட்டினான். ஒரு ஓட்டோவின் இயந்திரச் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால், தூரத்தில், கடல் இரைந்தது. பிறகு அந்தச் செருமல்.

“ஜனாஸா அறிவித்தல். கல்முனையைச் சேர்ந்த ஸலாஹுதீன், ஹுஸ்னியா ஆகியோரின் அன்பு மகனும், பஸ்மிலாவின் அன்புச் சகோதரருமான றிபாத் அவர்கள், தனது இருபத்தைந்தாவது வயதில் இன்று காலை வபாத்தானார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அன்னாரின் ஜனாஸா…”

அதோடு நின்றது.

“நீ இத எழுதினியா?” என்று லக்சன் கேட்டான்.

“இல்ல. நீ விளையாடுறியா?”

“உனக்கு ஒரு காக்கா இருந்ததே எனக்குத் தெரியாதுகா.”

உண்மைதான். நான் யாருக்கும் சொன்னதில்லை. அவன் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். ஒன்றிலும் ஓட்டோச் சத்தம் இல்லை, கடலும் இல்லை, றிபாத் என்ற பெயரும் இல்லை. செயலியை மறுபடி வாசிக்கவிட்டோம். தயிரை மட்டும் சொல்லிவிட்டு நின்றது. எத்தனை தடவை விட்டாலும் தயிர்தான். லக்சன் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“அழிச்சிருவம் பஸ்மிலா. இது எங்கட வேல இல்ல.”

அழித்திருக்கலாம். ஆனால் எனக்குள் ஒரு ஆசை எழுந்தது. அது நல்ல ஆசை இல்லை. உம்மா இதைக் கேட்கட்டும். மோதினாரே சொல்லிவிட்டார் என்றால் நம்புவார். ஒரு நாள் அழுவார், ஒரு மாதம் அழுவார், அதற்குப் பிறகாவது பக்கத்தில் இருக்கிற பிள்ளையைப் பார்ப்பார். பதிவைப் போனில் ஏற்றிக்கொண்டு நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உம்மா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். போனை எடுத்துப் பதிவைப் போட்டேன். செருமல் கேட்டதுமே அவருடைய கை தண்ணீருக்குள் நின்றது. கடைசி வரை கேட்டார். நான் எதிர்பார்த்த அழுகை வரவில்லை.

“எத்தின வயசெண்டாரு?”

“இருபத்தஞ்சு.”

உம்மாவின் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை. “நான் சொன்னன்தானே. நாலு வயசில மௌத்தாகல்ல. இவ்வளவு காலமும் எங்கயோ சோறு திண்டு, வளந்து, ஆளாகி இரிந்திரிக்கான். ஒருத்தரும் நம்பல்ல.”

எனக்கு அந்த வயது உறைத்ததே அப்போதுதான். காலையிலிருந்து பெயரை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். உம்மாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. வயதுக்குப் பிறகு சொன்னதும் அவருக்குக் கேட்டிருந்தது.

“இண்டைக்குக் காலையில எண்டாரா?”

நான் தலையாட்டினேன். உம்மா ஈரக் கையோடு தரையில் உட்கார்ந்தார். எனக்கு அவரைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது, பிடிக்கப் பயமாகவும் இருந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்.

“எந்த மையவாடியில அடக்கம் எண்டு சொல்லல்லயே. மிச்சம் எங்க?”

“மிச்சம் இல்ல உம்மா. அதோட நிண்டுட்டு.”

“அப்ப இத எல்லாருக்கும் போடு.”

“உம்மா, இது மிசின் செஞ்ச குரல். உண்மையா பொய்யா எண்டே தெரியா. ஊர் என்ன சொல்லும்?”

“எல்லார்ட போனுக்கும் போய்ச் சேர வைக்கிற படிப்பு எண்டுதானே சொன்னாய். சேர வை. அவன அடக்கப்போறவங்கட காதுல விழட்டும்.”

அன்று ஓட்டோவை மறித்தவர் இவர்தான். இப்போது அறிவி என்கிறார். நான் பதிவிலிருந்து தயிர் வாசகத்தை வெட்டி எடுத்தேன். கறுப்புத் திரை, அதில் பெயர், பின்னணியில் அந்தக் குரல். என் போன் இலக்கத்தையும் கீழே போட்டு, படித்த வித்தைகள் எல்லாவற்றையும் அதில் இறக்கினேன். எந்தக் குழுமங்களில் போட வேண்டும், முதல் வரியில் என்ன இருக்க வேண்டும், யார் கண்ணில் பட்டால் மற்றவர்களுக்கு அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். மோதினாரின் குரல் மௌத்துக்குப் பிறகு வந்திருக்கிறது என்றாலே போதும், யாரும் அனுப்பாமல் இருக்க மாட்டார்கள். தயிருக்காக நான் கனவு கண்ட வேகத்தில் அது பரவியது.

வாப்பா கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தார். “ஆரக் கேட்டு இதப் போட்டாய்?” என்று என்னிடம் பாய்ந்தார்.

“நான்தான் போடச் சொன்னன்,” என்றார் உம்மா. அதற்குள் வெளியே போக அபாயா உடுத்து, முன்கதவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். வாப்பா சுவரில் சாய்ந்து நின்றார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது, தெரியாத ஒரு இலக்கத்திலிருந்து குரற்பதிவு ஒன்று வந்தது. வயதான பெண்ணின் குரல். பின்னால் பலர் அழுவது கேட்டது. உம்மா சத்தமாகப் போடச் சொன்னார்.

“அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்சி. நாங்க பொலன்னறுவைப் பக்கம். எங்கட மகனுக்கு இண்டைக்குக் காலையில வயலுக்குத் தண்ணி எறைக்கப் போன இடத்துல கரண்ட் அடிச்சிட்டு. எங்கட பள்ளியில இன்னும் அறிவிக்கவே இல்ல. அதுக்குள்ள இந்தப் பேரோட உங்கட அறிவித்தல் வந்திரிக்கி. கடல் வந்த கிழம, அகதி முகாமுக்குச் சாமான் குடுக்கப் போன என்ட புருசன் தூக்கிட்டு வந்த புள்ள இது. பேர் றிபாத் எண்டு மட்டும்தான் சொன்னிச்சி. எங்களுக்கும் புள்ள இல்ல. ஆரும் தேடி வந்திருவாங்களோ எண்டு பயந்து நாங்களும் விசாரிக்கல்ல. அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கோங்க. குளிப்பாட்டியாச்சி. நீங்க வாறெண்டா அடக்காம வெச்சிரிக்கிறம்.”

வாப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு கீழே அமர்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருடமும் இல்லாதவன் என்று நினைத்து நான் பொறாமைப்பட்ட என் காக்கா, இன்று காலை வரை இருந்திருக்கிறார்.

உம்மா எழுந்து என் கையைப் பிடித்தார். விடவே இல்லை.

“நாங்க வாறம், முகத்த மூட வேணாமெண்டு சொல்லு,” என்றார்.