இருவரும் ஒருவரே

பாண்டீஸ்வரன் மாமா நாச்சியாபுரத்திலிருந்து கிளம்பிவிட்டாரா என்று கேட்க ஏழாவது முறையாக நான் போனை எடுத்தபோது, அம்மா அதைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வக்கீல் நாகநாதன் அலுவலக வாசல் பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்து முக்கால் மணி நேரமாகியிருந்தது. மூன்று மணிக்குள் பத்திரத்தை ஸ்கேன் செய்து சென்னைக்கு அனுப்பாவிட்டால் அம்மாவின் விசா கோப்பு யாத்திரைக் குழுவோடு போகாது. கோப்பு போகாவிட்டால் லூர்து மாதா கோயில் கிடையாது.

எல்லாம் என்னால் வந்தது. போன வருடம் அம்மாவின் தொண்டையில் கட்டி வந்தபோது, பிழைத்தால் லூர்துக்கே வந்து நிற்கிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். யாத்திரை அறிவிப்பைப் பார்த்ததும் நான்தான் குதித்தேன். பாரத்தை நானே நிரப்பினேன், பங்குச் சாமியாரிடம் கடிதத்தையும் நானே வாங்கினேன். எல்லாவற்றிலும் அம்மாவின் பேர் ஞானபூரணி. பெற்ற அம்மாவின் பேரை பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? பாஸ்போர்ட்டில் இருந்தது அன்னக்கிளி. பள்ளிக்கூடச் சான்றிதழிலிருந்து ஆதாருக்கும், அங்கிருந்து பாஸ்போர்ட்டுக்கும் அந்தப் பேர் சத்தமில்லாமல் நடந்து வந்திருந்தது.

இருவரும் ஒருவரே என்று விசாவுக்குப் பத்திரம் வேண்டுமாம். கல்யாணத்துக்கு முன்பே அம்மாவை அறிந்த சொந்தம் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் வக்கீல். அம்மா ஞானஸ்நானம் வாங்கி ஞானபூரணியாகி, சேசுராஜ் என்கிற என் அப்பாவைக் கட்டி இருபத்தேழு வருடம். அம்மாவின் பக்கம் மிச்சமிருப்பது அண்ணன் பாண்டீஸ்வரன் மாமா ஒருவர்தான், அவரையும் சாவு வீடுகளில் மட்டும்தான் பார்ப்போம். அம்மாவிடம் கேட்காமலே போன் போட்டேன். நான் யாரென்று விளங்கியதும் "எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அப்பாவைப் பார்த்தால் மாமா திரும்பிப் போய்விடுவாரோ என்று அப்பாவை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டோம்.

இரண்டேகாலுக்கு வந்தார். அம்மா எழுந்து, "வாங்கண்ணே" என்றாள். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீதான் போன் போட்டவளா? மூச்சு விடாமப் பேசுறியே ஆத்தா. நாலு வாட்டி கேட்டுத்தான் யாரு மகளுன்டே வெளங்குச்சு."

உள்ளே வக்கீல் பத்திரத்தைச் சத்தமாக வாசித்தார். இரண்டு பெயர்களும் ஒரே நபரைக் குறிப்பவை, சாட்சிக்கு இவரை இந்த இரண்டு பெயர்களாலும் நன்கு தெரியும். மாமா பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றி, அப்படியே நின்றுவிட்டார்.

"இதுல பொய் இருக்கு."



"அன்னக்கிளியத் தெரியும். நாய் கடிச்ச தழும்பு எந்தக் கால்லன்டு கூடத் தெரியும். இன்னொரு பேரச் சொல்லி நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்ல. கூப்பிடாத பேர எப்படித் தெரியும்ங்கிறது?"

எல்லோரும் போடுகிற கையெழுத்துதான் என்றார் வக்கீல். கடிகாரத்தில் இரண்டு முப்பத்தைந்து. பக்கத்து வீட்டு லட்சுமி அக்காவைச் சொந்தம் என்று சொல்லிக் கூட்டிவரலாமா, ஆட்டோவில் செக்காலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய்வர எவ்வளவு நேரமாகும் என்று நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். வாயைத் திறப்பதற்குள் அம்மா என் மணிக்கட்டை அழுத்தினாள்.

"போகலேன்டாலும் ஒண்ணுமில்லண்ணே. பொய்க் கையெழுத்து வேணாம்." பேசும்போது சேலைத் தலைப்பு கழுத்திலிருந்து விலகித் தையல் தழும்பு தெரிந்தது.

மாமா குனிந்து பார்த்தார். "தொண்டையில என்ன?"

"கட்டி. எடுத்தாச்சு."

"யாரும் சொல்லலயே."

"சொன்னா வந்திருப்பீகளா?"

மாமா பேனா மூடியை விரலுக்குள் உருட்டியபடியே இருந்தார்.

"அந்தப் பேர முழுசாச் சொல்லு."

"ஞானபூரணி."

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவயாவது கூப்பிட்டிருக்கணும்ல" என்றார், யாரிடமும் இல்லாமல். திறந்த பேனாவோடு வாசலுக்குப் போய், முதுகைக் காட்டி நின்றார். தெருவில் ஒரு பஸ் போனது. அது போய் முடியட்டும் என்று காத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஞான..."

அங்கேயே இருமல் வந்து பேர் பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பாதிப் பேருக்கே அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருந்தாள்.