நிற்கும் இடம்

...இல்லை, இன்னும் ஒரே ஒரு தடவை, முதலிலிருந்தே போய்விடலாம், முதல் பக்கம்தான் எண்ணெய் விட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு வருகிறதே, அந்த ஓட்டத்திலேயே மூன்றாம் பக்கத்தையும் தாண்டிவிட்டால் தீர்ந்தது, இந்தத் தடவை தாண்டிவிடலாம் என்று அவள் ஈரக் கையை மடியில் துடைத்துக்கொண்டு மறுபடி பியானோவின் மேல் வைத்தாள். மத்தியானமே வெளியில் இருட்டிக்கொண்டு வந்தது, மழைக்கான காற்றைக் காணோம், ஜன்னல் திரை அசையாமல் தொங்கியது. முதல் பக்கம் வந்தது, இரண்டாம் பக்கம் வந்தது, மூன்றாம் பக்கத்தின் நடுவே, இடது கை கீழ்க் கட்டைக்குத் தாவ வேண்டிய அந்தப் பாழாய்ப்போன இடத்தில் இரண்டு கையும் நின்றன. தப்பான கட்டையில் விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை, விழவில்லை, சும்மா நின்றன, தெருமுனையில் நாயைப் பார்த்தவன் நிற்கிற மாதிரி. சரி, மறுபடி முதலிலிருந்து... மாதக்கணக்கில் இப்படித்தான், நின்றால் முதலிலிருந்து, நின்றால் முதலிலிருந்து. விடிந்தால் நடனப் பள்ளியில் வேலைக்கான தேர்வு, பிள்ளைகள் ஆட ஆட இவள் வாசிக்க வேண்டும், அது கிடைத்துவிட்டால் கிடங்கில் பில் அடிக்கிற வேலைக்கு ஒரு பெரிய கும்பிடு, கிடைக்காவிட்டால்... கிடைக்காவிட்டால் என்ன, இந்த வயதில் இன்னொருவர் கூப்பிடப் போகிறாரா? நடன ஆசிரியை சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், “தப்பா வாசிச்சாலும் சமாளிச்சுக்கலாம்மா, நிறுத்த மட்டும் கூடாது. நீங்க நின்னா ஆடுற பிள்ளையோட கால் அந்தரத்துல நிக்கும்.” முன்பு வாசித்தவர் ஒரே ஒரு தடவை நின்றாராம். அப்போது தாவிக்கொண்டிருந்த பெண், இவள் விசாரிக்கப் போன அன்றைக்குச் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளுக்கு ஷூ நாடா கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள், இவளைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டினாள், எழுந்திருக்கவில்லை. ஏன் எழுந்திருக்கவில்லை என்று வீடு வந்து சேரும்வரை இவளுக்கு உறைக்கவில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், வழி தெரியாதவளா இவள்? பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இதே நாற்காலியில் உட்கார்ந்து என்ன பாடம் நடத்துகிறாள், தப்பு வந்த இடத்துலயே நில்லு கண்ணு, முதலுக்கு ஓடாத, அந்த இடத்த மட்டும் எடு, மெதுவா, ஒரு கை, அப்புறம் இன்னொரு கை... ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கில்லையடி. முதலுக்கு ஓடுவது சுகமாக இருந்தது, அதுதான் விஷயம், வருகிறதை வாசித்தால் வாசிக்கத் தெரிந்தவள் போல இருக்கும், வராததை வாசித்தால் யாரோ போல இருக்கும். சமையலறையில் அவள் கணவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான், மருந்துக்கடைக்கு இன்று விடுமுறை, காலையிலிருந்து சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்கிறான், நல்ல மனுஷன், என்ன பாட்டு அது என்று காதைக் கொடுத்தாள், இவள் பாட்டுதான், சுருதி கொஞ்சம் அப்படி இப்படிப் போனாலும் இவள் பாட்டேதான், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம்... சீட்டி நின்றது. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தான்.

அவள் நாற்காலியில் திரும்பினாள். “ஏங்க, அங்க ஏன் நிறுத்துனீங்க?” என்று கேட்டாள். “எங்க? பாட்டு அங்க அப்படித்தானே நிக்கும்?” என்றான் அவன், கேலி இல்லை, குரலில் துளிக் கேலி இல்லை. பாட்டு நிற்காது, பாட்டு எங்கேயும் நிற்காது, நான்தானே... இந்த வீட்டுச் சுவருக்குக்கூட அப்படித்தான் பாடமாகியிருக்கும் போல. போதும், இனி முதலுக்கு ஓடுவதில்லை. நோட்ஸை மூன்றாம் பக்கத்தில் திருப்பி வைத்து, இடது கையை மட்டும் தனியாக விட்டாள். ஐயோ, இந்தக் கைக்கு ஒன்றுமே தெரியவில்லையே, இத்தனை நாளும் வலது கையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறதே... மெதுவாக, இன்னும் மெதுவாக, சுண்டுவிரல் இறங்க வேண்டிய கட்டையைக் கண் முதலில் பார்க்கட்டும், பிறகு விரல் போகட்டும். வலது கை தனியாக. இரண்டும் சேர்ந்து ஆமை வேகத்தில். ஒரு மணி நேரமோ என்னவோ, மழை வந்து நின்றதுகூடத் தெரியவில்லை, தாவல் விழுந்தது, சுத்தமாக விழுந்தது, வேகத்தைக் கூட்டினாள், விழுந்தது, முன்னாலிருந்து இரண்டு வரி சேர்த்து வந்தாள், அப்போதும் விழுந்தது. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது, சந்தோஷத்தில்தான். அட பைத்தியமே, இவ்வளவுதானா, இதற்கா இத்தனை மாதம்?

இனி ஒரு தடவை முழுசாக, நாளைக்கு வாசிக்கிற மாதிரியே. முதுகை நிமிர்த்தி ஆரம்பித்தாள். முதல் பக்கம் வந்தது, எதிரே பிள்ளைகள் ஆடுவதாக நினைத்துக்கொண்டாள், இரண்டாம் பக்கம், சின்னப் பிள்ளைகள்கூட வாசித்துவிடுகிற அந்த எளிய வரி, ஒரு நாளும் தடுக்காத வரி, அங்கே இரண்டு கையும் நின்றன.

சமையலறையில் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. “என்னடி, அங்க ஏன் நின்ன?” என்று கணவன் எட்டிப் பார்த்தான். “நீ நிக்கிற இடம் இன்னும் வரலையே?”

அந்த வரியில் தாவல் இல்லை, சிக்கல் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அப்படியானால் மூன்றாம் பக்கத்திலும் ஒன்றும் இருந்திருக்காதோ? இத்தனை மாதம் நாள் தவறாமல் உட்கார்ந்து இந்த விரல்களுக்கு நான் எதைத்தான் பழக்கி வைத்திருக்கிறேன்? நாளைக்கு எந்த வரியில், எந்தப் பிள்ளை தாவும்போது... கணவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, “ஒண்ணுமில்ல, மறுபடி வாசி” என்றான். வாசிக்கத்தான் போகிறாள், விரல்களைக் கட்டைகளுக்கு மேலே கொண்டுபோனாள், கொண்டுபோன இடத்திலேயே அவை நின்றன. முதல் கட்டையை அவள் இன்னும் அழுத்தவில்லை.