ஒன்பதாவது சிப்

இஞ்ஞாசி கப்பல் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தவர். எண்பத்தைந்தில் ஊரெங்கும் ஆட்குறைப்பு நடந்தபோது அவருக்கும் வேலை போயிற்று. மனைவி ரோசம்மாவோடு சேர்ந்து குவீன்ஸ்டவுன் வீட்டு ஹாலிலேயே சொந்தமாகத் தொழில் தொடங்கினார். மூன்று மெஷின்கள். இரண்டில் அவர்கள் உட்கார்ந்து டைப் செய்வார்கள். மூன்றாவது சுவரோரம் நின்று, எல்லா விவரங்களையும் தன் ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொண்டு, கேட்கும்போது கேபிள் வழியாக மற்ற இரண்டுக்கும் எடுத்துக் கொடுக்கும். தேக்காவில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் சம்சுன்னிசா தம் நோயாளிகளின் விவரங்களை அவர்களிடம் ஒப்படைத்தார். மறுநாள் வரவிருப்பவர்களின் விவரத்தை ஒரு ஷீட்டில் அச்சடித்து முதல் நாளே கொடுத்துவிட வேண்டும். அதுதான் வேலை.

அந்த மூன்றாவது மெஷினுக்காக இஞ்ஞாசி ரோச்சோர் பக்கத்துக் கடைகளில் வாரக்கணக்கில் அலைந்தார். கையில் இருந்தது கொஞ்சம்தான். ஆனாலும் ஹார்ட் டிஸ்கில் மிச்சம் பிடிக்கக்கூடாது என்று உறுதியாக இருந்தார். ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, காதை அருகில் வைத்துக் கேட்டு, சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்து, கடைசியில் விலை கூடிய ஒன்றையே வாங்கினார். பவர் சப்ளையும் நல்லதுதான். மெமரிக்கு வந்தபோதுதான் கையைக் கடித்தது. எட்டு சிப்கள் விவரத்தைத் தாங்கும். அவை தாங்குவது சரிதானா என்று பார்த்துக்கொண்டே இருப்பதற்கு ஒன்பதாவது ஒன்று உண்டு. தப்பு கண்டால் அது மெஷினையே நிறுத்திவிடும். கடைக்காரர் அந்த ஒன்பதாவது இல்லாமல், பெயர் தெரியாத எட்டு சிப்களை மலிவாகத் தருவதாகச் சொன்னார்.

"அதையும் போட்டுடுங்களேன்," என்றாள் ரோசம்மா.

"வேலை செய்யுற சிப் போதும்லா. வேவு பாக்குற சிப் எதுக்கு?" என்று சிரித்தார் இஞ்ஞாசி.

எட்டு மாதம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது.

டாக்டர் சம்சுன்னிசா விடுப்பில் போயிருந்த ஒரு திங்கட்கிழமை. அவருடைய இடத்தில் வேறொரு டாக்டர் உட்கார்ந்திருந்தார். முற்பகலில் ரோசம்மா திரையைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டாள்.

"என்னங்க, இன்னிக்கு கிளினிக்குக்கு வர்ற பூவம்மா பேர்ல ஒரு எம் போயி எல் வந்திருக்கு. நான் இப்படி அடிக்கல."

"விரல் தவறியிருக்கும். மாத்திடு."

"எம்மும் எல்லும் பக்கத்துப் பக்கத்துலயா இருக்கு? எல் மேல் வரிசை... இல்ல, நடு வரிசை. எம் கீழ்க் கடைசி. எப்படித் தவறும்?"

இஞ்ஞாசி எழுந்து வந்து பார்த்தார். விசைப்பலகையில் அவை அடுத்தடுத்து இல்லை. ஆனால் மெஷினின் கணக்கில் எம்முக்கு ஒரு படி கீழே இருப்பது எல். எட்டு சிப்களில் ஒன்று எப்போதாவது பொய் சொன்னால் போதும், ஓர் எழுத்து ஒரு படி கீழே இறங்கிவிடும். சனிக்கிழமைதான் எல்லாருடைய விவரங்களையும் பெயர் வரிசைப்படுத்தி டிஸ்கில் மறுபடி எழுதி, பிறகு திங்கட்கிழமை ஷீட்டை அச்சடித்திருந்தார். அத்தனையும் அந்த மெமரி வழியாகத்தான் போயிருக்கின்றன.

அடுத்த நினைப்பு வந்ததும் அவர் திரையை நெருங்கிக் குனிந்தார். மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அவர் போட்டிருந்த அடையாளம் ஒய் என்ற ஒற்றை எழுத்து; மற்றவர்களுக்கு 'என்'. அது ஒரு படி இறங்கினால் எக்ஸ். ஒய் இல்லாத இடத்திலெல்லாம் 'இல்லை' என்று அச்சடிக்கும்படி புரோகிராம் எழுதியவரும் அவரே.

"பூவம்மாவுக்கு ஏதாச்சும் மருந்து ஒத்துக்காதா?"

"பெனிசிலின்," என்றாள் ரோசம்மா உடனே. "ஊசி போட்டு மூச்சே நின்னுபோச்சாம். டாக்டரைக் கேட்டுக் கேட்டு நான்தான் அடிச்சேன்."

திரையில் எக்ஸ் இருந்தது.

இஞ்ஞாசி கிளினிக்குக்குப் போன் போட்டார். மருந்து கொடுக்கும் நூருல் அமீன் எடுத்தார்.

"பூவம்மாவா? தொண்டை வலின்னு வந்தாங்க. புது டாக்டர் பாத்துட்டு ஆம்பிசிலின் எழுதினாரு. ஷீட்ல ஒண்ணும் இல்லைன்னு போட்டிருந்துச்சே. பஸ் ஏறிப் போயிட்டாங்க, அண்ணே."

ஆம்பிசிலின் பெனிசிலினுக்குத் தங்கச்சி. பூவம்மா அண்மையில்தான் தெம்பனிஸுக்குக் குடிமாறியிருந்தார். வீட்டில் இன்னும் போன் வரவில்லை. ரோசம்மா திரையிலிருந்த முகவரியைச் சொல்லி ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். இஞ்ஞாசி சட்டையைக்கூட மாற்றாமல் கீழே ஓடி டாக்சி பிடித்தார்.

வழி முழுவதும் டிரைவரை அவசரப்படுத்தினார். சிவப்பு விளக்கு ஒவ்வொன்றிலும் மாதாவே, மாதாவே என்று முணுமுணுத்தார். பூவம்மா இந்நேரம் பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பார். சோறு வைத்திருப்பார். சாப்பிட்டதும் போடு என்றுதானே சொல்லியிருப்பார்கள். ஒருவேளை பசியில்லாமல் இருக்கலாம். ஒருவேளை காப்பியோடு அப்போதே விழுங்கியிருக்கலாம்.

தெம்பனிஸில் இருநூற்றாறாம் பிளாக்குக்குக் கீழே ஆம்புலன்ஸ் நின்றது. அதைப் பார்த்ததும் வந்த தெம்பு, ஆட்கள் வெறுங்கையோடு இறங்கி வந்ததும் போய்விட்டது. அந்த வீட்டில் ஒரு சீனக் குடும்பம்தான் இருக்கிறதாம். பூவம்மா என்று யாரும் இல்லையாம்.

இஞ்ஞாசி அண்ணாந்து பார்த்தார். சுற்றிலும் ஒரே மாதிரியான புதுக் கட்டடங்கள். பிறகு தமக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நம்பரும் இறங்கியிருக்கு."

ஏழு ஒரு படி இறங்கினால் ஆறு.

"டூ ஓ செவன்! நெக்ஸ்ட் பிளாக்!" என்று கத்திக்கொண்டே ஓடினார். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. ஐந்து மாடியும் படியில் ஏறினார். பின்னாலேயே ஆம்புலன்ஸ்காரர்களின் காலடி கேட்டது.

கதவு திறந்துதான் கிடந்தது. பூவம்மா தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு வீங்கி, கழுத்தெல்லாம் சிவந்து தடித்திருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சீழ்க்கை போல் காற்றுதான் வந்தது. ஆம்புலன்ஸ்காரர் ஒருவர் குனிந்து ஊசியைத் தொடையில் குத்தினார். இன்னொருவர் முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை வைத்தார். இஞ்ஞாசி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் செய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை.

பூவம்மா பிழைத்துக்கொண்டார். சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பூவம்மாவின் கணவர் மருதப்பன் துறைமுகத்து உடுப்போடு வந்து நின்றார்.

"நீங்கதான் காப்பாத்தினீங்கன்னு சொன்னாங்க, அண்ணே."

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். இஞ்ஞாசியால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். மெஷின் தம்முடையது, சிப்பை மலிவாக வாங்கியதும் தாமே என்று. அடி விழும் என்று தோள்கள் தாமாகவே குறுகின. மருதப்பன் கை ஓங்கவில்லை.

"அப்ப இந்த மாதிரி இன்னும் எத்தனை பேரு?"

அந்தக் கேள்விதான் அவரை வீட்டுக்கு விரட்டியது. நோயாளிகளின் விவரம் கையால் எழுதியிருந்த கிளினிக்கின் பழைய அட்டைகளை ரோசம்மா வாய்விட்டுப் படிக்க, அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தார். தவறு சிலவற்றில் பெயரில் இருந்தது, சிலவற்றில் தெருவில். இன்னும் இரண்டு பேருக்கு ஒய் எக்ஸாகியிருந்தது; அதில் ஒன்று குழந்தை. இருவருக்கும் அன்றே ஆள் அனுப்பிச் சொன்னார்கள். வேலை முடியும்வரை இஞ்ஞாசிக்குச் சோறு இறங்கவில்லை. போன் மணி அடித்தால் துள்ளினார்.

விடுப்பிலிருந்து வந்த டாக்டர் சம்சுன்னிசா கத்தவில்லை. "மெஷினைச் சரி பண்ணுங்க. அதுவரைக்கும் அட்டைதான். சரியானாலும் அட்டை என் மேசையில இருக்கும்," என்றார்.

இந்த முறை கடைக்கு ரோசம்மாவும் கூடப் போனாள். ஒன்பது சிப்களும் பெயருள்ளவையாக வாங்கினார்கள். மெமரியைச் சோதிக்கும் புரோகிராமை ஒரு வாரம் இடைவிடாமல் ஓடவிட்ட பிறகுதான் முதல் பெயரை அடித்தார்கள். 'ஒய்'யும் இல்லாமல் 'என்'னும் இல்லாமல் வேறெந்த எழுத்து இருந்தாலும் 'டாக்டரைக் கேள்' என்று அச்சடிக்கும்படி இஞ்ஞாசி புரோகிராமையும் மாற்றினார்.

சில வாரம் கழித்து மறுநாள் ஷீட்டைக் கொடுக்கக் கிளினிக்குக்குப் போயிருந்தார்; அன்றைய ஷீட்டின் நகலும் கையில் இருந்தது. பூவம்மா உள்ளே வந்தார். இஞ்ஞாசியைக் கண்டு லேசாகத் தலையசைத்தார். டாக்டரின் அறைக்குள் போய், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, மனப்பாடம் செய்திருந்த சொல்லை உரக்கச் சொன்னார்.

"பெனிசிலின் எனக்கு ஆகாது, டாக்டர். ஷீட்ல என்ன போட்டிருந்தாலும் சரி."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இஞ்ஞாசிக்கு அது கேட்டது. அன்றைய ஷீட்டின் நகலை மடியில் விரித்து, பூவம்மாவின் பெயரை மறுபடி முதலெழுத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.