அடுக்களையோடு வந்த வீடு

என் கொழுந்தன், அம்போ உப்பே என்று பேர், நல்லவன். அதுதான் எனக்குப் பெரிய சங்கடமாகப் போயிற்று. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு மனசு ஆறியிருப்பேன். அவனோ வந்து படியடியில் நின்றுகொண்டு, தரையைப் பார்த்தபடி, "மதினி, பையனுக்குக் கல்யாணம் வச்சாச்சு, அவனுக்கு வீடு போட எடம் வேணும்" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. மண் அவர்கள் குடும்பத்து மண். அதன்மேல் நின்ற வீடு என்னுடையது. எங்கள் ஊரில் இரண்டும் வேறு வேறு சொத்து. மண்காரர் கேட்டால் வீட்டுக்காரி வீட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

தூக்கிக்கொண்டு என்றால் பேச்சுக்குச் சொல்லவில்லை. மர வீடு, கால்களெல்லாம் கல்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. குறுக்கும் நெடுக்குமாக மூங்கில் கட்டி, ஊர் ஆம்பிளைகள் தோள் கொடுத்தால் வீடு எழுந்து நடக்கும்.

எனக்குப் போக இடம் இல்லாமல் இல்லை. என் அப்பா விட்டுப்போன மனை ரோட்டுக்கு அந்தப்பக்கம் கிடந்தது. சின்ன மனை. கயிறு பிடித்துப் பார்த்ததில் வீட்டின் முன்கூடமும் படுக்கிற அறையும் அடங்கின. அடுக்களை மட்டும் இரண்டு பாகம், இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு இரண்டு மடங்கு, வெளியே போயிற்று. வெளியே என்றால் தெற்கே பக்கத்து மனைக்காரரான லாதல்லேயின் நிலத்தில்.

அந்த அடுக்களையை என் புருஷன் தன் கையால் கட்டினான். நல்ல விளைச்சல் கண்ட ஒரு வருஷம், வேறு எதுவும் வாங்காமல், பலகையாக வாங்கிக்கொண்டு வந்து இறக்கினான். பெரிய ஜன்னல் வைத்தான். அவன் இறந்துபோன பிறகு நான் அங்கேயேதான் இருக்கிறேன். சமைப்பதும் அங்கே, சாப்பிடுவதும் அங்கே, மத்தியானம் படுப்பதும் அங்கே. முன்கூடத்துக்கு யாராவது வந்தால்தான் போவேன்.

ஆகவே லாதல்லேயிடம் போனேன். அந்த ஆளோடு எனக்கு ஏற்கெனவே ஆகாது. என் வாத்துகள் அவருடைய நாற்றங்காலில் இறங்கிய நாளில் அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்பது சொல்லியிருந்தேன். இருந்தாலும் போனேன். "ரெண்டு பாகம் எடம் எனக்கு விலைக்குக் குடுங்க. ஊர் விலைக்கு மேலயே தாரேன்" என்றேன்.

"நிலம் விக்கிறதுக்கில்ல" என்றார். அவ்வளவுதான். காப்பி குடிக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"செத்தா தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து ஜன்னலடியில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அடுக்களையை அறுத்து எடுப்பதைத் தவிர வழி இல்லை. ஆசாரி பாசோவிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரம்பத்தோடு வந்து அறுத்துத் தள்ளுவதாகப் பேச்சு. அதற்குப் பிறகு வீட்டைத் தூக்குவது.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் அறிவித்தார்கள். ஞாயிறு விடியும்போதே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். நெல் மூட்டை, அலமாரி, டிவி எல்லாம் இறங்கின. பெண்கள் காப்பி கலக்கினார்கள். வாழைப்பழத்தைப் பிசைந்து இலையில் சுற்றி அவித்ததைத் தட்டுத் தட்டாகக் கொண்டுபோனார்கள். பாசோவும் வந்திருந்தான். ஆனால் ரம்பம் சாக்குக்குள் கிடக்க, அவன் மூன்றாவது பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, அறுக்கலியா?"

"லாதல்லே அண்ணன் வேண்டாம்னுட்டாரு அக்கா."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! "என் வீட்டை அறுக்க வேண்டாம்னு உத்தரவு குடுக்க அவரு யாருடா?"

"நாந்தான் குடுத்தேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. லாதல்லேதான். வீடு தூக்கும்போது குரல் கொடுக்கிற ஆள் எங்கள் ஊரில் அவர்தான். அவர் குரலுக்குத்தான் ஆட்கள் ஒன்றாகக் கால் எடுத்து வைப்பார்கள். வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். வந்து மூங்கில் கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு பக்கம் அறுத்தா சட்டம் தளர்ந்துபோகும். பாதி வழியில வீடு ஆடும். முழுசாக் கொண்டுபோயி, அங்க வச்சு என்ன வேணா பண்ணிக்கோ."

நியாயமாகத்தான் பட்டது. அதனாலேயே எரிச்சலாகவும் இருந்தது.

அவர் வீட்டைச் சுற்றி வந்தார். "ஏம்மா தென்ரி, கனமானதெல்லாம் இறக்கியாச்சா?"

"எல்லாம் இறக்கியாச்சு."

"உன் நாக்கு?"

கீழே மூங்கிலுக்கு அடியில் நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். என் கொழுந்தனும் சிரித்தான். "அதைத் தூக்க இந்த ஊரு பத்தாது, பக்கத்து ஊருலருந்தும் ஆளு கூப்பிடணும்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

பிறகு அவர் குரல் கொடுத்தார். வீடு எழுந்தது. எத்தனை தடவை அடுத்தவர்கள் வீடு எழுவதைப் பார்த்திருப்பேன்! தன் வீடு எழுவதைப் பார்ப்பது வேறு. தகரக் கூரை கடகடத்தது. ரோட்டில் மோட்டார் சைக்கிள்கள் ஒதுங்கி நின்றன. அவர் குரல், ஆட்களின் பதில் குரல், அதற்கு ஒரு எட்டு. நான் பக்கத்திலேயே ஓடினேன். அடுக்களை ஜன்னலை மட்டுமே பார்த்துக்கொண்டு ஓடினேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் அதை அறுக்கப்போகிறார்கள்.

மனைக்குள் நுழைந்தது. முன்கூடத்துக் கால்கள் மனையின் உள்கோடியில் நான் போட்டிருந்த கல்வரிசைக்கு நேரே வந்ததும், "அங்கேதான், நிறுத்துங்க!" என்றேன். முன்பக்கத்தை அங்கே இறக்கினால் அடுக்களை லாதல்லேயின் நிலத்தைத் தொடாமல் ரோட்டில் துருத்தும். பாசோ வேலையைத் தொடங்கலாம் என்று கணக்கு.

"வீட்டைத் திருப்புங்கப்பா! அடுக்களை தெற்கே!" என்றார் லாதல்லே.

திரும்பியது. "பின்னாடி... இன்னும் ஒரு எட்டு... இன்னும்!"

"யோவ், நில்லுங்க! அது உங்க எடம்!" என்று கத்தினேன்.

"என் எடம் எதுன்னு எனக்கு நீ சொல்லித் தரணுமா? இன்னும் ஒரு எட்டு! இறக்கு!"

வீடு உட்கார்ந்தது. அடுக்களையின் நாலு காலும் அவர் நிலத்தில். அப்போதுதான் பார்த்தேன். நாலு காலுக்கும் அடியில் கல் போடப்பட்டிருந்தது. தட்டையான, மட்டம் பார்த்துப் பதித்த கல். ஒரே நாளில் பதித்ததல்ல.

அவர் பக்கம் திரும்பினேன். "விலைக்குக் கேட்டப்ப இல்லேன்னீங்களே?"

"நிலம் எங்க அப்பாவோடது, அவருக்கு அப்பாவோடது. அதை எப்படி விக்க? நீ விலைக்குத்தானே கேட்டே? நிக்க எடம் கேட்டியா?"

நான் குனிந்து அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். 

தோள் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் பக்கம் அவர் திரும்பினார். "எல்லாரும் பாத்துக்குங்க. மண்ணு என்னோடது. வீடு தென்ரியோடது. இந்தக் காலு நிக்கிற வரைக்கும் நிக்கட்டும். நாளைக்கு என் மக்கமாரு ஏதாவது பேசினா நீங்கதான் சாட்சி."

ஊரே சாட்சி என்றது. இமாமும் தலையை ஆட்டினார். பாசோ ரம்பச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்றைக்குக் கூலி போச்சே என்று சலித்துக்கொண்டான்.

எல்லார் முன்னாலும் அழுதேன். பின்னால் யாரோ ஊதிப் பெருக்கிச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வாய்விட்டு அழுதேன்.  முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். மரியாதையாகவே கேட்டேன்.

"அண்ணே, என் அடுக்களை நிக்க எடம் தருவீங்களா?"

"அதான் வச்சாச்சே" என்றார் லாதல்லே. "போயி அடுப்பைப் பத்த வை. ஆளுகளுக்குப் பசிக்குது."