எண்பத்தைந்து வேண்டுமாம்

…எண்பத்திரண்டு, இப்போதும் எண்பத்திரண்டுதான், விரலைக் கவ்வியிருக்கும் இந்தச் சின்னக் கருவிக்கு என்மேல் என்ன பகையோ, ரத்தத்தில் ஆக்சிஜன் எண்பத்தைந்து காட்டினால் காற்று மெலிந்த இந்த மலைச் சுரங்கப்பாதை வேலையில் இருக்கலாம், இல்லாவிட்டால் பதினோரு மணி வண்டியில் கீழே போக வேண்டும், வந்து நாலே நாள். "கை ஜில்லுனு இருக்கும்மா, அதனாலகூடக் குறைச்சுக் காட்டும். கால் மணி நேரம் கக்கத்துல வெச்சுட்டு உக்காருங்க, மறுபடி பாப்போம்" என்று டாக்டர் கருவியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார், உட்கார்ந்திருக்கிறேன், திருடிப் பிடிபட்டவள் மாதிரி கையை ஒளித்துக்கொண்டு. கதவில் சாய்ந்து நிற்கிறார் சூப்பர்வைசர், "கீழ இருந்து வர்றவங்களுக்கு மலை ஒத்துக்காதும்மா, அதுலயும் பொம்பளப் புள்ள…" ஒத்துக்காதா? பாறையைப் படித்தவள் நான், எங்கள் வீட்டில் முதல் பட்டம், பாறை என்னை ஒத்துக்கொள்கிறது, இவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை… சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் நிமிஷத்துக்கு நூறு அடிக்கிறது, நுரையீரல் ஓவர்டைம் பார்க்கிறது, எலும்புக்குள் எங்கேயோ புது ரத்தம் ஊறத் தொடங்கியிருக்கும், உள்ளே இத்தனை பேர் எனக்காக மாரடிக்கிறார்கள், இவர் வண்டிச் சாவியை ஆட்டுகிறார்.

அப்பாவும் அதையேதான் சொன்னார், நேற்று போனில், "முடியலன்னா வந்துடும்மா… சாப்டியா… வெச்சிடவா?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, வந்துடும்மாவாம், சிமெண்ட் கிடங்குத் தூசியில் இருபத்தாறு வருஷம் மூட்டை தூக்கிய மனுஷன் சொல்கிற பேச்சா இது? எப்போதும் இப்படித்தான், கல்லூரியில் முதலாவதாக வந்தேன் என்று ஓடிப்போய்ச் சொன்னபோதும் "சரி. நல்லது", அவ்வளவுதான். "உங்கப்பாவுக்கு வாயத் தொறந்தா வாடகை கேப்பாங்கன்னு பயம்டி" என்று அம்மா கேலி செய்வாள், நானும் சிரிப்பேன், ஆனால் உள்ளே ஒன்று குத்தும், என் படிப்பு இவருக்கு ஒரு பொருட்டே இல்லையா என்று…

"என்னம்மா, பெட்டிய ஏத்தச் சொல்லவா?" சூப்பர்வைசர்தான். இந்தக் கேள்விக்காகவே நாலு நாளாக ஒரு நீளமான பதில் வைத்திருந்தேன், உடம்பு பழக நாளாகும், பழகாத உடம்புக்குத் தகுதியில்லை என்று அர்த்தமில்லை, வந்த புதிதில் உங்கள் விரல் என்ன காட்டியது, சொல்லுங்கள் பார்ப்போம்… எழுந்தேன், வாயைத் திறந்தேன். "வண்டி போகட்டும்." காற்று தீர்ந்தது. இழுத்தேன். "நான் வரல." மறுபடி இழுத்தேன். "பெட்டியத் தொடாதீங்க." சூப்பர்வைசர் முகம் கறுத்தது, திமிர் என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும், ஆனால் இந்தக் குரல், இரண்டு சொல், ஒரு இடைவெளி, இரண்டு சொல்… இதை எங்கே கேட்டிருக்கிறேன்? அப்பா இருப்பது தரையோடு தரையான ஊர், அங்கே காற்றுக்கு என்ன பஞ்சம்? அவர் விரலில் யாரும் எதையும் மாட்டிப் பார்த்ததில்லை, போதும் இறங்கு என்று எந்த வண்டியும் வந்து நின்றதில்லை, அப்படியானால் எத்தனை வருஷமாக, நான் எத்தனாவது படித்தபோதிலிருந்து…

"கை சூடாயிடுச்சாம்மா?" டாக்டர் கருவியோடு வந்தார். விரலை நீட்டினேன்.

"வைங்க." இழுத்தேன். "இந்த மெஷின்… எங்க கிடைக்கும்?"