தவணை கட்டியவருக்கு வலித்தது

மும்பை மாதுங்காவில் பூக்கடைகளுக்கு மேலே, முதல் மாடியில் இருக்கும் டாக்டர் வந்தனாவின் கிளினிக்கில், பல்லுக்குக் கம்பி போட்டுக்கொள்கிறவருக்கு வலிப்பதில்லை. பணம் கட்டுகிறவருக்குத்தான் வலிக்கிறது. தொடக்கத்தில் அங்கே ஆட்களே வரமாட்டார்கள். வந்தவர்களும் முழுத் தொகையைக் கேட்டதும் வீட்டில் கேட்டுவிட்டு வருகிறோம் என்று படியிறங்கிப் போனார்கள். உதவிக்கு இருந்த சுஷ்மாதான் தவணை வைக்கலாம் என்றாள். மாதாமாதம் கட்டலாம், பலர் பங்கு போட்டும் கட்டலாம், முடிகிறபோது முடிகிறதைக் கட்டலாம் என்று தமிழிலும் மராத்தியிலும் எழுதி வாசலில் மாட்டினார்கள். அதைப் பார்த்து முதலில் ஏறி வந்தவள் தாராவியிலிருந்து ராபியா, மகள் ஜுவைரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு.

ஜுவைரியாவுக்கு மேல்வரிசைப் பற்கள் உதட்டைத் தள்ளிக்கொண்டு நின்றன. பேசும்போது துப்பட்டா நுனியால் வாயை மூடிக்கொள்வாள். கல்லூரியில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லாததால், வகுப்பில் உட்கார்ந்துகொண்டே வராதவளாக இருந்தாள். தோல் பை பட்டறை வைத்திருந்த அவள் வாப்பா கரீம் பாட்சாவுக்கு இது ஒரு விஷயமாகப் படவில்லை. சாப்பிட முடிகிறதல்லவா என்று கேட்டு முடித்துக்கொண்டார். ராபியா வீட்டிலிருந்தே பைகளுக்குக் கைப்பிடி தைத்துக் கிடைத்த கூலியில் முதல் தவணையைக் கட்டினாள். கொஞ்ச நாள் வலிக்கும், மெல்ல வேண்டாத சாப்பாடாகக் கொடுங்கள் என்று சுஷ்மா சொல்லி அனுப்பினாள். அன்று மாலை ஜுவைரியா வறுகடலை தின்றாள். ராபியாவால் இடியாப்பத்தைக்கூட மெல்ல முடியவில்லை.

"கம்பி அவளுக்குல்லா போட்டிருக்கு? உனக்கு எதுக்கு வலிக்கி?" என்றார் கரீம் பாட்சா.

"தெரியலங்க. பணத்த நீட்டுன கையோட ஆரம்பிச்சிட்டு," என்றாள் ராபியா.

டாக்டர் அவள் வாயைத் திறந்து பார்த்தார். சொத்தையும் இல்லை, ஆட்டமும் இல்லை. அடுத்து அணுசக்தி நகரிலிருந்து எஞ்சினியர் கேஷவ் வந்தார். அவர் மகன் நகுலுக்குக் கம்பி, அவருக்கு வலி. ஒரு தாடையிலிருந்து இன்னொரு தாடைக்கு வலி போக வழியே கிடையாது என்று வெகுநேரம் வாதாடினார். சோதித்துப் பார்க்க ஒரு மாதம் மனைவியின் கணக்கிலிருந்து கட்டினார். அந்த மாதம் மனைவிக்கு வலித்தது. அதன்பின் அவர் வாதாடவில்லை. தாதரில் துணி மொத்த வியாபாரம் செய்தவர் மகளுக்காக முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்டிவிட, மொத்தச் சிகிச்சையின் வலியும் ஒரே நாளில் வந்து, தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போகாமல் கிடந்தார். வசதி உள்ளவர்களும் தவணை கேட்க ஆரம்பித்தது அப்போதுதான். பாண்டுப்பில் ஒரு குடும்பத்தில் சித்தப்பாமார், அத்தைமார் எல்லோரும் பங்கு போட்டுக் கட்டினார்கள். ஆளுக்குச் சாப்பிடும்போது கொஞ்சம் பல்கூச்சம், அவ்வளவுதான். விஷயம் பரவியதும் கிளினிக் காலியாகிவிடும் என்று டாக்டர் நினைத்தார். நடந்தது வேறு. பிள்ளைக்கு வலிக்காதாம் என்று கேள்விப்பட்டுத்தான் ஜனங்கள் வந்தார்கள். படிக்கட்டு வரை பெற்றவர்கள் நின்றார்கள்.

ராபியா ஒரு வருடத்துக்கும் மேல் தனியாகவே கட்டினாள். மகளிடம் சொல்லக் கூடாது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டாள். உம்மாவுக்குப் பல் சொத்தை என்றே ஜுவைரியா நினைத்திருந்தாள். பிறகு ஒரு மழைக்காலத்தில் பட்டறைக்குள் தண்ணீர் புகுந்தது. தோலெல்லாம் பூஞ்சை பிடித்து, கொடுத்த பைகளும் திரும்பி வந்தன. கரீம் பாட்சா பட்டறையைப் பூட்டினார்; தைக்கக் கைப்பிடியும் இல்லை. ராபியா நனைந்துகொண்டே மாதுங்கா போனாள்.

"கம்பியக் கழத்திருங்க டாக்டர். இனி என்னால முடியாது."

"பாதியில எடுத்தா பல் பழைய எடத்துக்கே போயிடும். பணத்த முடியறப்போ கட்டிக்கலாம், கம்பி இருக்கட்டும்," என்றார் டாக்டர். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கட்டாத தவணையின் செலவு அவர் தலையில், அதனால் வலியும் அவருக்கே. அந்த மழையில் தவணை நின்றது ராபியாவுக்கு மட்டுமல்ல. டாக்டர் யாருடைய கம்பியையும் கழற்றவில்லை. எல்லோருடைய வலியும் அவரிடம் வந்து சேர்ந்தது. கன்னம் வீங்கி, கண் கலங்க, அவர் மற்றவர்களின் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் ஜுவைரியா கிளினிக்குக்குத் தனியாகப் போனாள். உள் அறையில் டாக்டர் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு, காபியில் ரொட்டியை ஊறவைத்து விழுங்கிக்கொண்டிருந்தார். வீட்டில் உம்மா தேநீரில் ரொட்டியை ஊறவைத்துத் தின்றது அவளுக்கு நினைவு வந்தது. சுஷ்மாவிடம் கேட்டாள். சுஷ்மா இந்தியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், இத்தனை நாள் ராபியா சுமந்ததையும் சேர்த்து. ஜுவைரியா வீட்டில் வாயைத் திறக்கவில்லை. கல்யாண வீடுகளுக்கு மருதாணி போடப் போக ஆரம்பித்தாள். அடுத்த முறை கம்பியை முறுக்கி முடித்ததும் சுருட்டிய நோட்டுகளை மேசையில் வைத்தாள்.

"யார் பணம் இது?" என்று டாக்டர் கேட்டார்.

"எம் பணம். மருதாணி போட்டுச் சேத்தது."

"உனக்கு வலிக்கும்மா."

"தெரியும் டாக்டர்."

ரயில் பாலத்தில் ஏறும்போது ஆரம்பித்தது. ஒவ்வொரு பல்லிலும் யாரோ சாய்ந்து நின்று மெதுவாகத் தள்ளுவதுபோல இருந்தது. பாலத்தின் நடுவில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகிறவர்கள் பார்த்தார்கள். கொஞ்சம் அழுதுவிட்டு நடந்தாள். வீட்டில் சோறும் மீன் குழம்பும் வைத்திருந்தார்கள். முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ராபியா அவளைப் பார்த்தாள்.

"வலிக்கா?"

"வலிக்கி உம்மா. இவ்வளவா வலிக்கும்?" துப்பட்டாவைத் தேடாமலே கேட்டாள்.

"மொத ரெண்டு நாளுதான். பெறவு கொறஞ்சிரும்," என்று சொல்லி ராபியா தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சோற்றைக் குழையப் பிசைந்தாள். கரீம் பாட்சா இரண்டு பேரையும் பார்த்தபடி இருந்தார். சாப்பிட்ட கையைக் கழுவ வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

மழை விட்டுப் பட்டறை திறந்த பிறகு ஒரு காலையில் அவர் கிளினிக் படியேறினார். பாதியை மட்டும் கட்டலாமா என்று சுஷ்மாவிடம் கேட்டார். கட்டலாம் என்றாள். எந்தப் பக்கம் வலிக்கும் என்று கேட்டார். அதை நாமாகச் சொல்ல முடியாது என்றாள். சரி என்று கட்டினார். மறுபாதியை மகள் கட்டினாள். அந்த மாதம் அந்த வீட்டில் இரண்டு பேருக்குக் கஞ்சி வைத்தார்கள்.